வார்டு குழுவும் பகுதி சபையும்: தெருவின் சுற்றுச்சூழல் வேலையை முடிக்க வைக்கும் முழுமையான வழிகாட்டி

"எங்கள் பகுதியில் குப்பை சரியாக அள்ளப்படுவதில்லை, உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்." பகுதி சபைக் கூட்டத்தில் இப்படி ஒரு தீர்மானம் போட்டால் அது குறிப்பேட்டிலேயே கிடக்கும். எந்தத் தெரு, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு குப்பை, அள்ள வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்பது எதுவும் அந்த வரியில் இல்லை. அதைப் படிக்கும் அதிகாரி "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது.

வார்டு குழுவும் பகுதி சபையும் ஆலோசனை சொல்லும் அமைப்புகள். பணம் ஒதுக்குவதும் டெண்டர் விடுவதும் ஆட்களை அனுப்புவதும் மாமன்றமும் ஆணையரும் துறைகளும் செய்ய வேண்டியவை. அதனால் இந்த அமைப்புகளின் முழு பலமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ஒரு பொறியாளர் அப்படியே எடுத்து மதிப்பீடு போடக்கூடிய அளவுக்குத் தெளிவான தீர்மானம். அதை எப்படித் தயாரிப்பது, எப்போது வைப்பது, வைத்த பிறகு எப்படித் துரத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

அமைப்பு என்ன, எங்கிருந்து வந்தது

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது (பிரிவு 243எஸ்). அதே திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிக்கான 18 பணிகள் உள்ளன. பொது சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு ஆகியவை 6ஆவது இனம். நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு 8ஆவது இனம். பூங்காவும் விளையாட்டுத் திடலும் 12ஆவது. "இதெல்லாம் சபையில் பேசும் விஷயமா?" என்று யாராவது கேட்டால் இந்த எண்களைச் சொன்னால் போதும்.

தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022 ஜூனில்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. சென்னையில் 200 வார்டுகள், வார்டுக்கு 10 பகுதி சபைகள். சிறிய ஊர்களில் இந்த எண்ணிக்கை குறையும். பகுதி சபைகளின் பிரதிநிதிகள் சேர்ந்ததுதான் வார்டு குழு. அதற்குத் தலைவர் வார்டு கவுன்சிலர். பகுதி சபைக்கு அந்தப் பகுதி வாக்காளர் யாரும் வரலாம், பேசலாம். குடியிருப்போர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வாடகைக்கு இருப்பவரும் வரலாம்.

முதல் வேலை: எது யார் கையில் என்று பட்டியல் போடுவது

தீர்மானங்கள் வீணாவதற்கு முதல் காரணம் தவறான முகவரி. சாலையோரம் வழியும் தண்ணீரைப் பார்த்து மாநகராட்சிக்கு எழுதுவார்கள். அது கழிவுநீராக இருந்தால் சென்னையில் அது குடிநீர் வாரியத்தின் வேலை. மழைநீர் வடிகாலாக இருந்தால் மாநகராட்சி. மரக்கிளை மின்கம்பியில் உரசினால் மின்வாரியம். சாலை மாநில நெடுஞ்சாலையாக இருந்தால் அதன் ஓர வடிகாலும் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சேரும்.

நீர்நிலைகளில்தான் குழப்பம் அதிகம். ஏரி, குளம், கண்மாய், ஊருணி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறுவதுபோல உரிமையும் மாறும். பாசன ஏரியாக இருந்தவை பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கும். சிறு குளங்கள் உள்ளாட்சியிடம், கோயில் குளங்கள் அறநிலையத் துறையிடம். கோவையின் உக்கடம் பெரியகுளம் போன்றவை பொதுப்பணித் துறையிடமிருந்து மாநகராட்சிக்குக் குத்தகையாக வந்தவை. எல்லைத் தகராறு வந்தால் வருவாய்த் துறை உள்ளே வரும். கேள்விப்பட்டதை வைத்து எழுதாமல், சர்வே எண்ணைக் கண்டுபிடித்து 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகை, பரப்பு பதிவாகியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்பட வரைபடத்தையும் (அந்த நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள படம்) அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்துப் பாருங்கள். நகர நில அளவை முடிந்த இடமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு. அதில் 'ஏரி', 'குளம்', 'வாய்க்கால்', 'ஓடை' என்று எந்த வகைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது, பரப்பு எவ்வளவு என்பது இருக்கும். அந்த ஒரு தாள் இணைந்த தீர்மானத்தைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பட்டியலில் நான்கு பத்தி போதும்: இடம், பிரச்சினை, பொறுப்பான துறை, அந்தத் துறையில் உங்கள் வார்டைப் பார்க்கும் அதிகாரியின் பதவி. பதவி என்றால் உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர் என்ற அளவுக்குக் கீழே போக வேண்டும். ஆணையருக்கு எழுதினாலும் கோப்பு இறங்கி வந்து நிற்பது இவர்கள் மேசையில்தான். அதிகாரியின் பெயரை எழுதாதீர்கள். இடமாற்றம் வந்தால் தாள் செல்லாக்காசாகிவிடும்.

இரண்டாவது வேலை: அளப்பது

தெருவுக்கு ஏழு நாள் எடை பார்ப்பது, செலவே இல்லாத, ஆனால் யாரும் செய்யாத வேலை. 50 கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு ஒன்று, நாலைந்து சாக்கு, ஒரு நோட்டு. 100 வீடுகள் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, காலையில் பேட்டரி வண்டி வரும் நேரத்தில் தூய்மைப் பணியாளரோடு நில்லுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, நாப்கின்–டயப்பர், கலந்து வந்தது என்று தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விடாதீர்கள். அன்று இறைச்சிக் கழிவால் எடை கூடும், பல இடங்களில் வண்டி வராததும் அன்றுதான். வண்டி வந்த நேரம், எத்தனை வீடு கொடுத்தது, எத்தனை வீடு பிரித்துக் கொடுத்தது என்பதையும் எழுத வேண்டும்.

இதைச் செய்யும்போது பணியாளரின் நேரத்தைத் தின்னாதீர்கள். அன்றன்று அவர் முடிக்க வேண்டிய வீதிகளுக்குக் கணக்கு உண்டு. எடை போடுவது உங்கள் ஆட்களின் வேலையாக இருக்கட்டும். முதல் நாளே அவரிடமும் மேற்பார்வையாளரிடமும் "குறை கண்டுபிடிக்க வரவில்லை, கூடுதல் வண்டி கேட்கக் கணக்கு வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். பிரச்சினையின் வேர் அவருக்குத்தான் தெரியும்: வண்டியின் நான்கு தொட்டிகளில் இரண்டுக்குத் தடுப்பு உடைந்திருக்கும், அல்லது பிரித்து வாங்கியதை, பெரிய வண்டிக்கு மாற்றும் இடத்தில் ஒரே காம்பாக்டர் வண்டியில் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி) கொட்டுவார்கள். இரண்டாவது நடந்தால் வீடுகளில் என்ன பிரசாரம் செய்தும் பயனில்லை. இரண்டு வாரத்தில் மக்கள் பிரிப்பதை நிறுத்திவிடுவார்கள். தீர்மானம் போக வேண்டிய இடம் அந்த மாற்றும் முனைதான், வீட்டுக் கதவு இல்லை.

மழைநீர் வடிகாலுக்கு அளவுகோல் ஒரு இரும்புக் கம்பி. மூடி திறந்திருக்கும் குழிகளில் மட்டும், மேலிருந்து கம்பியை விட்டு, வண்டலின் மேல்மட்டம் எங்கே, வடிகாலின் தரை எங்கே என்று இரண்டு அளவு எடுங்கள். மூடியை நீங்களாகப் பெயர்க்க வேண்டாம், யாரும் உள்ளே இறங்கவே கூடாது. மழையே பெய்யாத மே மாத நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீராக இருக்க முடியாது. பெரும்பாலும் மேலே எங்கோ கழிவுநீர் இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கும். கோடையில் ஒரு நடை நடந்து, எந்தக் குழியில் ஓட்டம் தொடங்குகிறது என்று குறித்தால் இணைப்பு இருக்கும் இடம் ஏறக்குறைய அகப்பட்டுவிடும். இரண்டு குழிகளுக்கு நடுவே உள்ள நாலைந்து கட்டடங்களை மட்டும் துறை சோதித்தால் போதும்.

மரங்களுக்குக் கணக்கெடுப்பு: தெருவாரியாக எண், இனம், மார்பளவு உயரத்தில் (தரையிலிருந்து 1.3 மீட்டர்) சுற்றளவு, அடிமரத்தைச் சுற்றி மண் தெரிகிறதா, சிமெண்ட் நெருக்கியிருக்கிறதா. ஒரு மாலைப் பொழுதில் இரண்டு பேர் ஒரு தெருவை முடித்துவிடலாம். நாளை அந்தத் தெருவில் ஒரு மரம் காணாமல் போனால் அங்கே மரம் இருந்ததற்கு உங்கள் நோட்டுதான் சாட்சி.

மூன்றாவது: எந்தக் கூட்டத்தில் எதை வைப்பது

பகுதி சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இந்த நான்கு தேதிகளையும் பருவமழையோடும் பட்ஜெட்டோடும் பொருத்திப் பார்த்தால் எந்த வேலையை எப்போது கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஏப்ரல் 14 கூட்டம் தண்ணீருக்கானது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தூர்வாருவதற்கு மதிப்பீடு, அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று மாதங்கள் போகும். ஏப்ரலில் கேட்டால்தான் ஆகஸ்டில் இயந்திரம் வரும். குளங்களின் வேலையும் அப்படியே. நீர் வற்றிக் கிடக்கும் மே முதல் ஆகஸ்டு வரைதான் எல்லைக் கல்லும் உள்வரத்து வாய்க்காலும் கண்ணுக்குத் தெரியும்.

செப்டம்பர் 15-இல் தூர்வாரச் சொல்லித் தீர்மானம் போடுவது காலம் கடந்த வேலை. அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியது முடிந்த வேலையின் அளவு, தண்ணீர் இறைக்கும் மோட்டார் எங்கே நிற்கும், தாழ்வான தெருக்களின் பட்டியல், மரக்கிளை கழிப்பு. இன்னொன்று, மரம் நடும் இடங்களை அன்றே முடிவு செய்து குழி தோண்டச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு நட்டால் கன்றுக்கு ஆறேழு வாரம் இயற்கையே தண்ணீர் ஊற்றும். சுற்றுச்சூழல் நாள் என்று ஜூன் 5 அன்று சென்னையில் நடும் கன்றுகள் கொளுத்தும் வெயிலில் தொடங்குகின்றன. நிழற்படத்துக்கு அந்த நாள், நடுவதற்கு அக்டோபர் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

டிசம்பர் 10 பட்ஜெட் கூட்டம். உள்ளாட்சி பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகும். துறைகள் தங்கள் தேவையை அதற்குச் சில வாரம் முன்பே தொகுத்துவிடும். ஜனவரி 26-இல் புதிய வேலை கேட்டால் அது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே பணம் தேவைப்படும் எல்லாவற்றையும் டிசம்பரில், வரிசைப்படுத்தி, அதிகபட்சம் ஐந்து வேலைகளாக வைக்க வேண்டும். இருபது கேட்டால் எதைச் செய்வது என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், சுலபமானதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய தொகைக்கு மூன்று வாசல் இருக்கின்றன: கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம். எந்த வாசல் என்பதையும் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள்.

ஜனவரி 26-க்கு மிஞ்சுவது கணக்குக் கேட்பது. முந்தைய மூன்று கூட்டத் தீர்மானங்களும் என்ன ஆயின என்ற ஒரு பக்கப் பட்டியலை வாசித்துப் பதிவு செய்தால் அந்தக் கூட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது.

நான்காவது: தீர்மானத்தை எழுதுவது

ஒரு தீர்மானத்துக்கு ஒரு வேலை. இரண்டு துறை சம்பந்தப்பட்டால் இரண்டு தீர்மானம். இல்லாவிட்டால் முதல் துறை தன் பங்கை முடித்துவிட்டுக் கோப்பை மூடும், இரண்டாவது துறைக்கு அது போகவே போகாது. வார்த்தைகள் இப்படி இருக்கலாம்:

"வார்டு எண் …, பகுதி … . … தெருவில் கதவு எண் 1 முதல் 64 வரை 180 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகாலில் வண்டல் சேர்ந்துள்ளது. 6 குழிகளில் … தேதியில் அளந்ததில் வண்டலின் உயரம் 35 முதல் 50 செ.மீ.; வடிகாலின் ஆழம் 90 செ.மீ. அளவுப் பட்டியலும் படங்களும் இணைப்பு 1. இதை இயந்திரம் கொண்டு மட்டும் தூர்வாரி, அள்ளிய வண்டலை 48 மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்தி, ஆகஸ்டு 31-க்குள் முடிக்குமாறு மழைநீர் வடிகால் பிரிவு உதவிப் பொறியாளரை இச்சபை கேட்டுக்கொள்கிறது. முடிந்தபின் அதே 6 குழிகளில் சபைப் பிரதிநிதி முன்னிலையில் மறு அளவு எடுக்க வேண்டும். விவரத்தை செப்டம்பர் 15 கூட்டத்தில் வைக்க வேண்டும்."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. '180 மீட்டர்' இருப்பதால் மதிப்பீடு போடலாம். '6 குழிகள்' இருப்பதால் முதல் இரண்டு குழியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாது. '48 மணி நேரம்' இல்லையென்றால் வண்டல் ஓரத்திலேயே குவிந்து கிடந்து அடுத்த மழையில் அதே குழிக்குள் திரும்பப் போகும். 'இயந்திரம் கொண்டு மட்டும்' என்பது உயிர் சம்பந்தப்பட்டது. கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பின்றிக் கழிவுநீர்ப் பாதையில் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர் கலந்த மழைநீர் வடிகாலிலும் அதே நச்சுக் காற்றுதான் இருக்கும். அந்த மூன்று சொல்லை எந்தத் தூர்வாரும் தீர்மானத்திலும் விடவே கூடாது.

எழுதியதைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கவுன்சிலரிடமும் கூட்டக் குறிப்பு எழுதும் அதிகாரியிடமும் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்ட பிற துறை அதிகாரிக்கும் அழைப்பு போக வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னால் எழுதுபவர் சுருக்கிவிடுவார், சுருக்கும்போது முதலில் உதிர்வது எண்கள்தான். கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டில் தீர்மானம் முழுமையாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஐந்தாவது: துரத்துவது

தீர்மான எண்ணோடு ஒரு மனு, உரிய அலுவலகத்தில் தேதி முத்திரையுடன் ரசீது. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல்வரின் முகவரித் திட்டத்தில் (1100) பதிவு. சென்னையில் அன்றாடக் குறைகளுக்கு 1913. ஒவ்வொரு பதிவு எண்ணையும் ஒரே நோட்டில், ஒரே வரிசையில் வைத்திருங்கள்.

அடுத்த ஆயுதம் தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணை, அளவைப் புத்தகத்தின் (முடிந்த வேலையை அளந்து பொறியாளர் எழுதும் பதிவேடு) உரிய பக்கங்கள், குப்பை வண்டிகளின் எடைச் சீட்டு, ஒப்பந்தத்தில் உள்ள செயல்திறன் அளவுகோல்களும் பிடித்தம் செய்த அபராதமும். பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. நடந்துகொண்டிருக்கும் வடிகால் வேலைக்கு இதைவிட நல்ல மேற்பார்வை கிடையாது. அளவைப் புத்தகத்தில் 180 மீட்டர் என்றிருந்து, உங்கள் மறு அளவில் 110 மீட்டர்தான் சுத்தமாகியிருந்தால், அந்த இரண்டு தாளும் சேர்ந்தே பேசும்.

இனி வேலைவாரியாக, எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்போம்.

மக்கும் குப்பையை வார்டிலேயே உரமாக்குவது

எடைக் கணக்கு இருந்தால் தொட்டிக் கணக்கு சுலபம். 100 வீடுகளில் நாளுக்கு 80 கிலோ மக்கும் குப்பை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் இடத்தில் சுமார் அரை கிலோ அடங்கும், ஆக 160 லிட்டர். 45 நாளுக்கு 7.2 கன மீட்டர். அதே கொள்ளளவு காய்ந்த இலை சேரும், ஆனால் மக்கும்போது எல்லாம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்தில் இரண்டு தொட்டி நிரப்புவதற்கு, மூன்றாவது ஆறவைத்து முற்றவிடுவதற்கு. உயரம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கீழ்ப்பகுதி நசுங்கிக் காற்றே போகாது. சுவரைச் செங்கல்லுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அழகுக்காகப் பூசி மூடிய தொட்டிகள் மூன்றே வாரத்தில் நாற ஆரம்பிக்கும்.

அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சியும் தேங்காய் மட்டை நாரும். அதன் மேல் ஒரு பங்கு குப்பை, ஒரு பங்கு காய்ந்த இலை என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு நாளும் கடைசி அடுக்கு காய்ந்த இலையாகவே இருக்க வேண்டும், ஈ வராது. தொடக்கத்துக்கு ஒரு கூடை பழைய உரமோ சாணக் கரைசலோ தெளித்தால் போதும். இளநீர் மட்டை, தேங்காய் ஓடு, எலும்பு போடாதீர்கள். வாழைத்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டித்தான் போட வேண்டும்.

இலைக்குக் கஷ்டம் வருவது மழைக் காலத்தில். பிப்ரவரி, மார்ச்சில் தெருவில் உதிரும் இலையை எரிக்கவோ லாரியில் ஏற்றவோ விடாமல் சாக்கில் கட்டி, கூரையடியில் அடுக்கி வைத்தால் நவம்பரில் அது கைகொடுக்கும். உரக்குடில்கள் பெரும்பாலும் மூடப்படுவது நவம்பர் நாற்றத்தால்தான், அந்த நாற்றத்துக்குக் காரணம் காய்ந்த இலை தீர்ந்துபோவது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இலை சேர்த்துக் கிளற வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூட்டுக்கு ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடு வரை குத்தி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பிடியுங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே 55, 60 டிகிரி ஓடுகிறது, கிருமியும் களை விதையும் சாகும். வாரம் ஒருமுறை கிளறல். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை. மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி என்றால் இலை போதவில்லை. பருத்த, சாம்பல் நிறப் புழுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அவை கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள், குப்பையை வேகமாகத் தின்று கரைப்பவை. முற்றிய உரத்தை 4 மி.மீ. சல்லடையில் சலித்து, ஒரு பிடியை நனைத்து பாலித்தீன் உறையில் மூன்று நாள் கட்டி வைத்து முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் கொடுக்கலாம். புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம்.

தீர்மானத்தில் சேர்க்க வேண்டியது: இரண்டு பணியாளருக்கான கூலி, கையுறையும் காலணியும், கை கழுவத் தண்ணீர் இணைப்பு. தொட்டிக்கு மட்டும் பணம் கேட்டுவிட்டு ஆளுக்குக் கேட்காமல் விட்டால் திறப்பு விழாவோடு குடில் முடிந்துவிடும்.

குளம்

இதில் வரிசைதான் எல்லாம். எல்லை அளந்து கல் நடுவது, கழிவுநீர் வரத்தை அடைப்பது, மழைநீர் வரும் வாய்க்காலைத் திறப்பது, வண்டல் எடுப்பது, கரையைப் பலப்படுத்துவது, கடைசியாக நடைபாதை. நடக்கிற வேலைகள் பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் நடைபாதையும் விளக்கும் வரும், பாதை குளத்துக்குள் ஏறி நீர்ப்பரப்பைத் தின்னும், சுவர் எழுப்பியதால் சுற்றுத் தெருக்களின் மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் தெருவில் நிற்கும். கழிவுநீரை அடைக்காமல் தூர்வாரினால் ஆழப்படுத்தியது கழிவுநீர்த் தொட்டியைத்தான்.

வண்டல் எடுக்கும்போது அடியிலுள்ள களிமண் படுகையை வெட்டக் கூடாது. எங்கே வண்டல் முடிகிறது, எங்கே படுகை தொடங்குகிறது என்று நாலைந்து இடத்தில் துளையிட்டுப் பார்த்த அளவு மதிப்பீட்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கரைச் சரிவை கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டு, கோரையும் வெட்டிவேரும் நடச் சொல்வது பறவைக்கும் தவளைக்கும் நல்லது, செலவும் குறைவு. ஆக்கிரமிப்பு இருந்தால் சபை நேரடியாக மோத வேண்டாம். நீர்வளத் துறையின் ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை காட்டும்படி கேட்பதோடு சபையின் பங்கு நிற்கட்டும். ஏழைக் குடும்பங்கள் குடியிருந்தால் மாற்று வீடு பற்றிய வரியும் அதே தீர்மானத்தில் வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதுவது நியாயமும் இல்லை, வேலையும் முடியாது.

மரம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் தெரு மரங்களைச் சாய்த்தபோது, வேர் ஓட இடமில்லாமல் சிமெண்டுக்குள் நின்ற மரங்கள் பல அடியோடு பெயர்ந்தன. ஆகவே நடுவதற்கு முன் முதல் தீர்மானம், இருக்கும் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சிமெண்டை உடைத்து மண்ணைத் திறப்பதாக இருக்கட்டும். அதற்குச் செலவும் குறைவு, பலனும் உடனே தெரியும். பொது நிலத்தில் உள்ள மரத்தை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வெட்ட வருகிறவர்களிடம் அந்த உத்தரவின் எண்ணைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

புதிய நடவுக்கு 3 அடிக் குழி, செம்மண், மணல், உரம் சம பங்கு, ஆறடிக்குக் குறையாத கன்று, எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டிய மூங்கில் கழி. அகலமான சாலைக்குப் புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு, 20 முதல் 25 அடி இடைவெளியில். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, பவழமல்லி போன்ற குட்டை இனங்கள் மட்டும். கோடையில் வாரம் இருமுறை 20 லிட்டர், இரண்டு கோடைக்கு. கன்றுக் கூண்டின் இரும்பு மூன்றாம் ஆண்டில் மரத்துக்குள் பதிந்து பட்டையை அறுக்கும். அதைக் கழற்றும் வேலையை நடும் தீர்மானத்திலேயே, ஆண்டும் மாதமும் போட்டு எழுதிவிடுங்கள். ஒப்பந்தக்காரருக்கான தொகையில் ஒரு பகுதியை நட்ட எண்ணிக்கைக்குத் தராமல், 12ஆம் மாதம் உயிரோடு நிற்கும் எண்ணிக்கைக்குத் தருமாறு கேளுங்கள். அந்த எண்ணிக்கையை எடுக்கும் நாளில் உங்கள் தெரு மர நோட்டையும் கையில் கொண்டு போங்கள்.